பனிநாட்டுக்கு எதிர்த்திசை ரயில்

ஜப்பானிய எழுத்தாளர் யசுனாரி கவபாட்டாவின் 'பனிநாடு' நாவல் என் அலமாரியில் ஏழு வருடம் கிடந்தது. இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறையும் முப்பது பக்கத்தைத் தாண்டவில்லை. ஒருவர் ரயிலில் வருகிறார், ஜன்னலைப் பார்க்கிறார், வெந்நீர் ஊற்று உள்ள ஊரில் ஒரு விடுதியில் தங்குகிறார். ஒரு பெண் குடித்துவிட்டு வந்து பேசுகிறாள், போகிறாள், மறுபடி வருகிறாள். கோயம்புத்தூரில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் குளிரை வரவழைக்க என்னால் முடியவில்லை. பனி என்றால் நமக்கு மார்கழியில் கோலத்தின் மேல் விழுவது, புல் நுனியில் நிற்பது, எட்டு மணிக்குள் காணாமல் போவது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்த நாவலுக்குள் நுழைய வழியில்லை.

பிறகு ஒரு பிப்ரவரியில் அலுவலக வேலையாக டோக்கியோவில் மூன்று வாரம் இருக்க வேண்டிவந்தது. நடுவில் ஒரு சனி, ஞாயிறு கைக்கு வந்தது. நாவல் நடக்கும் ஊருக்கே போய் அதை வாசித்து முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஒல்லியான புத்தகம், பெட்டியில் ஒரு சட்டை அளவுக்குக்கூட இடம் பிடிக்காது. பயணத்துக்கு நாவல் தேர்வு செய்பவர்கள் இதை முதலில் பாருங்கள். எண்ணூறு பக்க நாவலைத் தூக்கிக்கொண்டு போனால் ஊரைப் பார்ப்பதா, கதையை முடிப்பதா என்று தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நூற்றைம்பது, இருநூறு பக்கம் போதும். காகிதப் புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது. கைப்பேசியில் வாசித்தால் ஐந்தாவது நிமிடத்தில் வரைபடத்துக்குத் தாவி, பத்தாவது நிமிடத்தில் அலுவலக மின்னஞ்சலில் இருப்போம்.

நாவலில் ஊரின் பெயர் எங்கும் வராது. ஆனால் அது நீகாட்டா மாநிலத்தின் யுஸாவா என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கவபாட்டா 1934இல் தொடங்கிப் பலமுறை அங்கே வந்து தங்கினார். 1935 முதல் இதழ்களில் துண்டுதுண்டாக வெளிவந்த கதைக்கு இன்றைய முழு வடிவம் கிடைத்தது 1948இல். நோபல் பரிசு 1968இல்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அலுவலகத்து ஜப்பானிய நண்பர் ஒருவர் நாவலின் முதல் வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பொருள் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதில் ரயில் என்ற சொல்லே இல்லை. எழுவாயே இல்லை. எட்வர்ட் சைடன்ஸ்டிக்கரின் 1956ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் நான் வைத்திருந்தேன். எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது என்பதால் அவர் ஒரு ரயிலைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியிருக்கிறார். தமிழுக்கு அந்தத் தொல்லை கிடையாது. 'எல்லையின் நீண்ட சுரங்கத்தைக் கடந்ததும் பனிநாடு' என்றால் முடிந்தது. கடந்தது ரயிலா, டோக்கியோவிலிருந்து வரும் நாயகன் ஷிமமுராவா, வாசிக்கிற நானா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஏழு வருடமாகப் பூட்டிக் கிடந்த கதவு அந்தத் தாளில்தான் கொஞ்சம் திறந்தது. எந்த நாட்டு நாவலை வாசித்தாலும் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் முதல் வரியை மட்டுமாவது சொல்லுக்குச் சொல் கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

அந்தச் சுரங்கம் உண்மையானது. ஷிமிஸு சுரங்கம், 9.7 கிலோமீட்டர், 1931இல் திறக்கப்பட்டது. மலைக்கு இந்தப்புறம் குன்மா, அந்தப்புறம் யுஸாவா இருக்கும் பழைய எச்சிகோ நாடு. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் முட்டி, எச்சிகோ பக்கமே எல்லாவற்றையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. டோக்கியோ பக்கம் இறங்குவது வெறும் வறண்ட காற்றும் பளிச்சென்ற வெயிலும். ஜூன் மாதத்தில் கோவையில் காற்று மட்டும் அடிக்க, வாளையார் தாண்டியதும் மழை பிடித்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஷின்கான்சென் புல்லட் ரயிலில் போனால் டோக்கியோவிலிருந்து எச்சிகோ-யுஸாவா நிலையத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். நாவல் வாசகன் அப்படிப் போகலாமா? ஷிமமுரா போன வழியிலேயே போவது என்று பிடிவாதம் பிடித்தேன். உவேனோவில் சாதாரண ரயில், தகாசாக்கியில் மாறி மினகாமி, அங்கே மீண்டும் மாறி யுஸாவா. அரை நாள் போயிற்று. மினகாமிக்கு வடக்கே நாளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்கள்தான் ஓடுகின்றன. ஒன்றை விட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மினகாமியில் இறங்கியபோதே என் திட்டம் கவிழ்ந்துவிட்டது. சுரங்கத்துக்கு இந்தப்புறமே நடைமேடை ஓரத்தில் முழங்கால் அளவு பனி. மலையடிவாரம் என்பதால் அங்கேயும் பனி பெய்யும் என்பதை நான் யோசிக்கவில்லை. சுரங்கத்தைக் கடந்ததும் திடீரென்று உலகம் வெளுக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு தூரம். இங்கேயே வெளுத்துக் கிடந்தால் என்ன செய்வது!

அதைவிடப் பெரிய அடி ரயில் சுரங்கத்துக்குள் போன பிறகு விழுந்தது. பக்கத்தில் கேமராவோடு உட்கார்ந்திருந்த ஒரு ரயில் பித்தர், என் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு, கைப்பேசிச் செயலியில் எதையோ தட்டி என்னிடம் நீட்டினார். இது அந்தச் சுரங்கம் இல்லை என்று அதில் இருந்தது. 1967இல் இருவழிப் பாதையாக்கியபோது 13.5 கிலோமீட்டருக்குப் புதிய சுரங்கம் ஒன்றைத் தோண்டினார்கள். அன்றிலிருந்து இந்தப் பாதையில் பனிநாட்டுக்குள் போகிற ரயில்களெல்லாம் புதியதில் போகின்றன. கவபாட்டாவின் சுரங்கம் டோக்கியோ திசையில் திரும்பி வரும் ரயில்களுக்கு மட்டும். அதாவது, நாவலின் புகழ்பெற்ற சுரங்கத்தின் வழியாக இன்றைக்குப் பனிநாட்டுக்குள் நுழைய முடியாது. அங்கிருந்து வெளியேறத்தான் முடியும். அந்த மனிதர் இன்னொன்றும் சொன்னார். நாவலில் வருவதை எல்லோரும் நீராவி ரயில் என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அந்தச் சுரங்கப் பகுதியில் திறந்த நாள் முதலே மின்சார எஞ்சின்தானாம். என் மனத்தில் புகை விட்டுக்கொண்டிருந்த எஞ்சினும் அத்தோடு போயிற்று.

நடுவில் தொஆய் என்ற நிலையத்தில் ரயில் நின்றது. நிலையமே சுரங்கத்துக்குள் இருக்கிறது. ஈரமான சிமெண்ட் சுவர், மஞ்சள் விளக்கு. மேலே ஏறும் நீண்ட படிக்கட்டில் மட்டும் 462 படிகள். ரயில் பித்தர் அங்கே இறங்கிக்கொண்டார்.

அதன் பிறகுதான் நான் ஜன்னலைப் பார்த்தேன். நாவலின் தொடக்கத்தில் ஷிமமுரா ரயில் ஜன்னலில் எதிர்வரிசைப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறான். வெளியே இருட்டிக்கொண்டு வரும் மலைகளும் உள்ளே இருக்கும் முகமும் ஒரே கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்று விழும். கோவையில் வாசித்தபோது கவிதைக்காகச் சேர்த்த அலங்காரம் என்று நினைத்துத் தாண்டியிருந்தேன். வெளியே வந்தபோது மணி ஆறுக்குப் பக்கம், வானத்தில் கடைசி நீலம் மிச்சமிருந்தது. பெட்டிக்குள் வெள்ளை விளக்கு, இருக்கைக்கு அடியிலிருந்து காலில் அடிக்கிற வெப்பம், கண்ணாடி முழுக்க ஆவி. உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்தேன். அந்த வட்டத்தில் முதலில் தெரிந்தது என் பின்னால் உட்கார்ந்திருந்த பள்ளிச் சிறுமியின் காது. அந்தக் காதுக்குள் ஒரு மலைச்சரிவு நகர்ந்தது. பிறகு தூரத்து வீட்டு விளக்கு ஒன்று அவள் கன்னத்தில் புகுந்து மெதுவாகக் காது வழியாக வெளியேறியது. அலங்காரம் ஏதும் இல்லை. உள்ளே வெளிச்சமும் வெளியே அரையிருட்டும் இருக்கிற இருபது நிமிடத்துக்கு எந்த ரயில் ஜன்னலிலும் நடப்பதுதான். கவபாட்டா கண்டதை எழுதியிருக்கிறார். வட்டம் மறுபடி ஆவி பூத்து மூடிக்கொண்டது.

முதல் வரியின் அதிர்ச்சி எனக்குக் கிடைத்தது அடுத்த ஆண்டுதான். மீண்டும் டோக்கியோ வேலை வந்தது, நேரமில்லாமல் ஷின்கான்செனில் போனேன். குன்மா சமவெளியில் காய்ந்த வயலும் வெயிலும். பிறகு 22 கிலோமீட்டர் நீளமுள்ள தாய்-ஷிமிஸு சுரங்கம். வெளியே வந்ததும் கண்ணைத் திறக்க முடியாத வெளுப்பு. பெட்டியில் இருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. 1982இல் வந்த அதிவேக ரயில்தான் 1930களின் அந்த உணர்வை எனக்குக் கொடுத்தது. நாவலுக்கு விசுவாசமாக இருக்கிறேன் என்று அரை நாள் ஊர்ந்து போனவனுக்குக் கிடைத்தது வேறு. எதை இழந்தாலும் அந்த ஜன்னலை இழந்திருக்க மாட்டேன் என்பதால் இதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

முதல் பயணத்துக்கே திரும்புகிறேன். யுஸாவா நிலையத்தைவிட்டு வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள் ஷூவுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. சாலையின் நடுவில் வரிசையாகச் சிறு துளைகள் உண்டு. அவற்றிலிருந்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்கள். தண்ணீரில் இருக்கும் இரும்பினால் சாலையெல்லாம் துருப்பிடித்த செம்பழுப்பு நிறம். பனிநாட்டில் நான் முதலில் மிதித்தது வெண்மையை இல்லை, செம்மண் குட்டையைப் போன்ற ஒன்றை. நாவல் இதற்கெல்லாம் முந்தியது. கணுக்காலுக்கு மேல் வரும், நீர் புகாத காலணி இல்லாமல் அந்த ஊருக்குப் போகாதீர்கள். ஏறிட்டுப் பார்த்தால், 1980களின் பிற்பகுதியில் சொத்து விலை கொழுத்த காலத்தில் எழுப்பிய அடுக்குமாடிக் கோபுரங்கள். பனிச்சறுக்குக்கு வரும் டோக்கியோக்காரர்களுக்காகக் கட்டியவை. பல ஜன்னல்களில் விளக்கே இல்லை.

கவபாட்டா தங்கிய தகாஹான் விடுதி இன்றும் நடக்கிறது. கட்டடம் புதிது, அவர் இருந்த அறையை மட்டும் உள்ளே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கே தங்க என் பணப்பை இடம் கொடுக்கவில்லை. ஒரு மூதாட்டி நடத்தும் சிறிய விடுதியில் அறை எடுத்திருந்தேன். அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் என் ஷூவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பழைய செய்தித்தாளை உருண்டை உருண்டையாகக் கசக்கி ஷூவுக்குள் திணித்து, வெப்ப அடுப்பின் பக்கத்தில் சாய்த்துவைத்தார். அரை மணிக்கு ஒருமுறை வந்து ஈர உருண்டையை எடுத்துவிட்டுக் காய்ந்ததைத் திணித்தார். பச்சைப் பிள்ளைக்குத் துணி மாற்றுவதுபோல இருந்தது.

புத்தகத்தைக் காட்டினேன். முகம் மலர்ந்தது. முதல் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். பள்ளியில் மனப்பாடமாம்.

"முழுவதும் வாசித்திருக்கிறீர்களா பாட்டி?" என்று செயலியின் வழியாகக் கேட்டேன்.

"முதல் வரி போதாதா? நீங்கள் முடித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். சிரித்துக்கொண்டே கேட்டார்: "அந்த டோக்கியோக்காரர் கதையில் ஒரு நாளாவது பனி வாருகிறாரா?"

இல்லை என்றேன். ஒரு நாள்கூட இல்லை.

அவர் பேசியது கூரைப் பனியைத் தள்ளிவிடுவதைப் பற்றி. செயலி அதை 'பனியை இறக்குதல்' என்று மொழிபெயர்த்தது, சரியான சொல்தான். ஆளுயரம் பனி ஏறினால் கூரை தாங்காது. யாராவது ஏறி இறக்க வேண்டும். கணவர் இருந்தவரை ஒவ்வொரு குளிர்காலமும் பல தடவை ஏறுவார், இப்போது கூலிக்கு ஆள் வைக்கிறார். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று என் ஆத்தா சொல்வது நினைவுக்கு வந்தது. நம் ஊரில் அது பேச்சுவாக்கில் மிகைப்படுத்திச் சொல்வது. இந்த ஊரில் மாசியில் மச்சு நிஜமாகவே உடையும்.

நானும் ஒரு தவறு செய்தேன். விருந்துகளில் ஆடிப் பாடி விருந்தினரை மகிழ்விக்கும் கெய்ஷாக்கள் இப்போதும் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டேன். நாவலின் கொமகோ வெந்நீர் ஊற்று ஊரின் கெய்ஷா. கடனும் குடியும் போய்க்கொண்டே இருக்கும் விருந்தாளிகளும்தான் அவள் வாழ்க்கை. பாட்டி சிரித்தபடியே தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பிவரக் கால் மணி ஆயிற்று. பேச்சு அரிசிக்கு மாறியிருந்தது. கதையில் இருப்பதை ஊர்க்காரரிடம் விசாரிப்பதற்கு முன்னால், அந்தக் கதை அவர்கள் வீட்டுக் கதையாகவும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றிரவு நாவலில் பாதிக்கு மேல் போய்விட்டேன். பாட்டியின் கேள்வி கூடவே வந்தது. ஷிமமுரா யார்? அப்பா வைத்துவிட்டுப் போன சொத்தில் காலம் கழிப்பவன். மேற்கத்திய பாலே நடனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன். ஆனால் ஒரு பாலேயைக்கூட நேரில் பார்த்ததில்லை. புத்தகங்கள், படங்கள், நிகழ்ச்சித் தாள்கள் இவற்றை வைத்துக்கொண்டே எழுதுகிறான், பார்க்காமல் இருப்பதில்தான் அவனுக்கு இன்பம். நாம் ஏட்டுச் சுரைக்காய் என்போமே, அதையே கூட்டு வைத்து ரசித்துச் சாப்பிடுகிறவன். அதுவரை அவனை நான் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரிக்காக ரயில் மாறி மாறி வந்து, மினகாமியில் பனி இருந்ததற்கே கோபப்பட்ட ஆள் யார் என்பது விடுதி மெத்தையில் படுத்திருந்தபோது உறைத்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் ஏதோ புராதனமான பனிக்கிராமத்தைத் தேடி வந்ததாக எண்ணியிருந்தேன். கவபாட்டா முதலில் வந்தபோது சுரங்கம் திறந்து மூன்றே ஆண்டு. அந்த ஊருக்குப் பனிச்சறுக்கும் சுற்றுலாவும் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. ஷிமமுராவே அந்த ரயில் கொண்டுவந்து இறக்கிய சுற்றுலாப் பயணிகளில் ஒருவன்தான். இருண்ட கோபுரங்களுக்கும் அந்த நாவலுக்கும் வேர் ஒன்று.

கொமகோ கதை வேறு. அவள் பல வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறாள். வாசித்த ஒவ்வொரு கதைக்கும் தலைப்பு, எழுதியவர், பாத்திரங்களின் பெயர், யாருக்கு யார் என்ன உறவு, இவ்வளவையும் குறித்து வைக்கிறாள். பத்து நோட்டுகள் நிரம்பிவிட்டன. அபிப்பிராயம் எதுவும் எழுதுவதில்லை. ஷிமமுரா அதை வீண் உழைப்பு என்கிறான். கோவையில் அந்தப் பக்கத்தை வாசித்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். பனிக்குள் அடைந்து கிடக்கும் ஓர் ஊரில், கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்து, யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதிவைக்கிற இருபது வயதுப் பெண்ணைவிட நல்ல வாசகி இந்த நாவலில் வேறு யார்? எழுந்து பையிலிருந்து அலுவலக நோட்டை எடுத்தேன். கருத்து எழுதக் கூடாது, கண்டதை மட்டும். 'விடுதிப் பாட்டி. ஷூவுக்குள் செய்தித்தாள், நான்கு முறை மாற்றினார். கணவர் கூரை ஏறியவர்.' அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. பயணத்தில் எழுதிய 'அற்புதம்', 'மறக்க முடியாதது' எதையும் பிறகு திரும்ப வாசிக்க முடிவதில்லை. பெயர்களும் எண்ணிக்கைகளும் அப்படியே இருக்கின்றன.

மறுநாள் காலை கொமகோ உட்காரும் கல்லைத் தேடிப் போனேன். கோயில் தேவதாரு மரங்களுக்கு நடுவே இருக்கிற தட்டையான கல். கதையில் அது மரங்கள் துளிர்விட்ட காலத்துக் காட்சி. நான் போனது பிப்ரவரி. கோயில் படிகளே பனிக்கு அடியில் இருந்தன. கல் எங்கோ இரண்டு மீட்டர் கீழே. நாவலில் மூன்று பருவங்கள் வருகின்றன, ஒரு வார இறுதியில் ஒன்றுதான் கிடைக்கும். எந்தக் காட்சிக்காகப் போகிறோம் என்று முடிவு செய்து மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டி சொன்னபடி அடுத்ததாக ஷியோஸாவாவுக்குப் போனேன். யுஸாவாவிலிருந்து சில நிலையம் வடக்கே. அந்த ஊர்க்காரர் ஸுஸுகி பொகுஷி, 1770 முதல் 1842 வரை வாழ்ந்த துணி வியாபாரி. பனிநாட்டு வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் பல பத்தாண்டு அலைச்சலுக்குப் பிறகு 1837இல் அச்சேறத் தொடங்கியது. வெதுவெதுப்பான ஊர்க்காரர்களுக்குப் பனி என்றால் கவிதையும் மதுவும். எங்களுக்கோ வருடம் முழுக்கக் கஷ்டம் என்பது அவருடைய முறையீடு. அவர் பெயரில் ஒரு சிறு நினைவகம் இருக்கிறது. உள்ளே வைக்கோல் காலணி, பனி மண்வெட்டி, தறி. இந்தப் பக்கத்துப் பெண்கள் குளிர்காலம் முழுவதும் சணல் போன்ற ஒரு செடியின் நாரை நகத்தால் கிழித்து நூலாக்கி, 'சிஜிமி' என்ற மெல்லிய கோடைத் துணியை நெய்தார்கள். முன்வசந்தத்தில் வெயில் அடிக்கும் நாளில் அதைப் பனி வயல் மேல் விரித்து வெளுப்பார்கள். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை இது. கவபாட்டா தம் நாவலின் கடைசிப் பகுதியில் பொகுஷியை வைத்துத்தான் இந்தத் துணியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஷிமமுரா தன் பழைய சிஜிமி உடைகளை வருடாவருடம் பனியில் வெளுக்க அனுப்புகிறான். உடுத்துகிறவன் புத்தகம் ஒன்று, நெய்தவர்கள் ஊரிலிருந்து வந்த புத்தகம் ஒன்று. வெளியூரிலிருந்து வந்து எழுதியவரின் நாவலோடு போகிறீர்கள் என்றால், உள்ளூர்க்காரர் எழுதியது ஒன்றையும் தேடி வையுங்கள். பொகுஷிக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. சைவக்காரர்கள் சோபா நூடுல்ஸின் சாற்றில் மீன் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். யுஸாவா நிலையத்தில் விற்கும் பெரிய சோற்று உருண்டை, உள்ளே ஊறுகாய்ப் பழம் வைத்தது, இரண்டு வேளைக்குக் காணும். அந்த வட்டாரத்து அரிசி ஜப்பான் முழுக்கப் பெயர்பெற்றது, காரணத்தை நாக்கே சொல்லும்.

ஞாயிறு மாலை திரும்பும் ரயிலில் ஏறினேன். கடைசிப் பதினைந்து பக்கம் வைத்திருந்தேன். பழைய ஷிமிஸு சுரங்கத்துக்குள் அவற்றை வாசிப்பது என்று கணக்கு. ரயில் மலையைச் சுற்றி ஏறி, சுரங்கத்துக்கு முன்னால் சுச்சிதாரு என்ற நிலையத்தில் நின்றது. நாவலின் தொடக்கத்தில் ரயில் நிற்கும் சிக்னல் நிறுத்தம் இதுதான். அங்கே யோகோ என்ற பெண் ஜன்னலைத் திறந்து நிலைய அதிகாரியைக் கூப்பிட்டு, ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தன் தம்பியைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்பாள். குளிர் உள்ளே பாயும்.

இந்த ரயிலில் ஜன்னல் திறக்காது. கதவும் பொத்தானை அழுத்தினால்தான். தலைக்கவசமும் கையில் நீண்ட பனி மண்வெட்டியுமாக ஓர் இளைஞர் எழுந்து பொத்தானை அழுத்தினார். கதவு திறந்த நொடியில் பெட்டிக்குள் வந்த குளிர் என் மடியிலிருந்த பக்கத்தைப் புரட்டிவிட்டது. அவர் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தம் உயரத்துக்கு நின்ற பனிச்சுவரின் ஓரமாக விளக்கை நோக்கி நடந்தார். கதவு மூடியது. புத்தகத்தை மூடிவிட்டு நோட்டை எடுத்து எழுதினேன்: 'சுச்சிதாரு, மாலை. இறங்கியவர் ஒருவர்.' பேனாவைத் தாளிலிருந்து எடுப்பதற்குள் ஜன்னல் கறுத்துவிட்டது.